மடைமாற்றம்

2018-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி, சீனச் சமூக வலைத்தளங்களில் பலரும் ஒரு சரக்குக் கப்பலுக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ‘பீக் பெகாசஸ்’ என்று பெயர். சுமார் 70,000 டன் அமெரிக்க சோயா பீன்ஸை ஏற்றிக்கொண்டு தாலியன் துறைமுகத்தை நோக்கி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்கா விதித்த வரிகளுக்குப் பதிலடியாக, அமெரிக்க சோயா பீன்ஸ் மீது சீனா அன்று நண்பகல் முதல் 25 சதவீதக் கூடுதல் வரி வசூலிக்கப்போகிறது. அதற்குள் சரக்கு சுங்கத்தைத் தாண்டிவிட வேண்டும். தாண்டவில்லை. சில மணி நேர வித்தியாசத்தில் தோற்றுப்போன கப்பல், அதன் பிறகு ஒரு மாதத்துக்கும் மேல் கரைக்கு வராமல் கடலிலேயே வட்டமடித்துக்கொண்டிருந்தது.

அப்போது நான் ஏற்றுமதி, இறக்குமதி ஆவணங்களைத் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். எங்களுக்கும் அந்தக் கப்பலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இருந்தாலும் மதிய இடைவேளையில் கப்பல்களின் இருப்பிடம் காட்டும் இணையப் பக்கத்தைத் திறந்து அதைத் தேடுவோம். நேற்று நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். உள்ளே கிடந்த பயறு மாறவில்லை, கப்பல் மாறவில்லை, துறைமுகம் மாறவில்லை. கடிகாரத்தில் நண்பகல் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆகஸ்டில் ஒருவழியாகச் சரக்கை இறக்கினார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் அலுவலகத்தில் அன்று யாரோ இனிப்பு வாங்கி வந்தார்கள். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பத்திரிகைகளுக்குக் கதை அத்துடன் முடிந்தது. எனக்கு அதற்குப் பின்னால் நடந்ததுதான் சுவாரசியம். சீனாவில் பன்றிகளும் கோழிகளும் தீவனம் தின்பதை நிறுத்திவிடவில்லை. வாங்குபவர்கள் பிரேசில் பக்கம் திரும்பினார்கள். ஏற்கெனவே பெரிய விற்பனையாளராக இருந்த பிரேசில் மேலும் பெரியதாயிற்று. அமெரிக்க அரசு தன் விவசாயிகளுக்கு ஏற்பட்ட நஷ்டத்தை ஈடுகட்ட 20 பில்லியன் டாலருக்கும் மேல் கொடுத்தது. 2020 ஜனவரியில் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இரண்டு ஆண்டுகளில் 200 பில்லியன் டாலருக்குக் கூடுதலாக அமெரிக்கப் பொருள்களையும் சேவைகளையும் வாங்குவதாகச் சீனா ஒப்புக்கொண்டது. அந்த அளவு எட்டப்படவே இல்லை.

வரியை எல்லோரும் அணை என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது மடை. ஒரு வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் இன்னொன்றில் பாயும். பாய்ந்த இடத்தில் பயிர் வளரும், கரை பலப்படும், வீடு கட்டுவார்கள். பத்து வருடம் கழித்து யாரோ வந்து பழைய மடையைத் திறந்துவிட்டால், தண்ணீர் பழைய வழியே திரும்பிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. பழைய வாய்க்கால் அதற்குள் தூர்ந்துபோயிருக்கும்.

இதற்குச் சோயாவைவிடச் சிறந்த உதாரணம் சலவை இயந்திரம். தென்கொரிய நிறுவனங்களான சாம்சங்கும் எல்ஜியும் அமெரிக்காவில் மலிவாக விற்கின்றன என்று அங்குள்ள வேர்ல்பூல் நிறுவனம் புகார் செய்தது. கொரியாவிலும் மெக்சிகோவிலும் தயாராகும் இயந்திரங்கள் மீது பொருள் குவிப்புத் தடுப்பு வரி விழுந்தது. இது 2012-13 வாக்கில். இரண்டு நிறுவனங்களும் அமெரிக்காவுக்கான உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றின. மறுபடி புகார், சீனாவில் தயாரானவற்றின் மீதும் வரி. உற்பத்தி தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் போயிற்று. இந்த எலிக்கும் பூனைக்குமான ஆட்டத்தில் சலிப்படைந்த அமெரிக்க அரசு, 2018 ஜனவரியில் எந்த நாட்டில் தயாரானாலும் சரி என்று பெரும்பாலும் எல்லா இறக்குமதி இயந்திரங்கள் மீதும் வரி போட்டது: முதல் 12 லட்சம் இயந்திரங்களுக்கு 20 சதவீதம், அதற்கு மேல் வருபவற்றுக்கு 50 சதவீதம்.

இந்த முறை ஓடுவதற்கு இடமில்லை. ஆகவே சாம்சங் தெற்குக் கரோலினாவிலும் எல்ஜி டென்னசியிலும் தொழிற்சாலைகளைத் திறந்தன. வரி ஜெயித்துவிட்டது என்று சொல்லலாம்தானே? சொல்லலாம். கூடவே விலைச்சீட்டையும் பார்க்க வேண்டும். இதை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், சலவை இயந்திரத்தின் விலை சுமார் 12 சதவீதம் ஏறியதாகக் கண்டார்கள். அது எதிர்பார்த்ததுதான். உள்நாட்டுத் தயாரிப்பாளர்களும் சேர்ந்தே ஏற்றினார்கள், அதுவும் எதிர்பார்த்ததுதான். யாரும் எதிர்பாராதது, துணி உலர்த்தும் இயந்திரத்தின் விலையும் ஏறக்குறைய அதே அளவு ஏறியது. அதன் மீது வரியே கிடையாது. கடைகளில் இரண்டையும் ஜோடியாகத்தான் வாங்குவார்கள் என்பதால், ஏற்றத்தை இரண்டின் தலையிலும் பிரித்து வைத்துவிட்டார்கள். சுமார் 1,800 வேலைகள் உருவாயின. ஒவ்வொரு வேலைக்கும் நுகர்வோர் கொடுத்த கூடுதல் விலை ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலர் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. ஊர் கூடித் தேர் இழுக்கலாம். ஒரு தேருக்கு இவ்வளவு கயிறா என்றுதான் தோன்றியது.

அந்த வரி 2023-இல் காலாவதியாகிவிட்டது. தொழிற்சாலைகள் அங்கேயேதான் இருக்கின்றன.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனெனில் படித்தவர்களே தடுமாறும் இடம் இது. ‘சீனா மீது வரி’, ‘மெக்சிகோ மீது வரி’ என்று தலைப்புச் செய்தி வரும்போது, அந்த நாட்டு அரசு காசோலை எழுதிக் கொடுப்பதுபோல ஒரு சித்திரம் மனதில் விழுகிறது. சுங்கத்தில் பணம் கட்டுபவர் இறக்குமதியாளர். வரி விதித்த நாட்டிலேயே அலுவலகம் வைத்திருப்பவர். அவர் அதை விற்பவரிடம் பேரம் பேசிக் கழித்துக்கொள்ளலாம், தன் லாபத்தில் தாங்கலாம், வாடிக்கையாளர் தலையில் வைக்கலாம். 2018-19 காலத்து அமெரிக்க வரிகளை ஆராய்ந்தவர்கள், பாரம் ஏறக்குறைய முழுவதும் அமெரிக்க இறக்குமதியாளர்களிடமும் வாங்குவோரிடமுமே நின்றது என்று கண்டார்கள். ஏற்றுமதி செய்தவர்களுக்கு வேறு விதத்தில் அடி: விலை குறைக்கவில்லை, வாடிக்கையாளரையே இழந்தார்கள்.

என் அலுவலகத்துக்குத் திரும்புகிறேன். அங்கே எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாள் ஒரு தடித்த புத்தகத்தை என் மேசையில் வைத்தார். உலகச் சுங்க அமைப்பின் பொருள் வகைப்பாட்டுக் குறியீடுகள். நாங்கள் எச்எஸ் எண் என்போம். 1988 முதல் நடைமுறையில் இருக்கிறது. 5,000-க்கும் மேற்பட்ட பொருள் பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு இலக்கம். அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கு இலக்கங்களைச் சேர்த்துக்கொள்ளும். “தம்பி, பொருள் என்ன என்று கேட்காதே. பொருளை என்னவென்று எழுதப்போகிறோம் என்று கேள்” என்றார் அண்ணன். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மூன்றாவது மாதம் புரிந்தது. ஒரு வேலைக் கையுறை அனுப்பினோம்: பின்னலாடைத் துணியில் செய்தது, உள்ளங்கையில் ரப்பர் பூச்சு. தொட்டுப் பார்த்தால் ரப்பர்தான் தெரிகிறது. ரப்பர் கையுறைக்கான 4015-ஐ எழுதிவிட்டேன். பின்னல் கையுறைக்கு ரப்பர் பூசினாலும் அது பின்னல் கையுறையே. 6116-இல்தான் வர வேண்டும். தோல் என்றால் 4203, பிளாஸ்டிக் என்றால் 3926. கைக்கு ஒன்றுதான், சுங்கத்துக்கு நான்கு. கன்டெய்னர் போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் பதினொரு நாள் நின்றது. தாமதக் கட்டணத்தை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை. அண்ணன் திட்டவில்லை, திருத்திய படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “இதற்கெல்லாம் அமெரிக்காவில் நீதிமன்றத்துக்கே போயிருக்கிறார்கள்” என்றார்.

போயிருக்கிறார்கள். 1893-இல் தக்காளி காயா கனியா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. காய்கறிக்கு வரி உண்டு, பழத்துக்கு இல்லை. தாவரவியல்படி பழம்தான், ஆனால் மக்கள் அதைச் சாப்பாட்டோடு சாப்பிடுகிறார்களே தவிர சாப்பாட்டுக்குப் பின் அல்ல, ஆகவே காய் என்று தீர்ப்பு. 2003-இல் இன்னொரு வழக்கு. ‘எக்ஸ்-மென்’ கதைகளின் நாயகர் உருவங்களை இறக்குமதி செய்த நிறுவனம், அவை மனித உருவங்கள் அல்ல என்று வாதாடியது. மனித உருவம் என்றால் ஒரு தலைப்பு, 12 சதவீதம்; மற்ற விளையாட்டுப் பொருள் என்றால் 6.8 சதவீதம். தமிழில் இரண்டையும் பொம்மை என்று முடித்துவிடலாம், நமக்கு இந்தத் தொல்லை இல்லை. நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. தாங்களும் மனிதர்களே என்று கதை முழுவதும் போராடும் பாத்திரங்கள், சுங்க விகிதத்துக்காக மனிதர் அல்லாதவர் ஆனார்கள். ரசிகர்கள் வருந்தினார்கள்.

ஆனால் இந்த வகைக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது கோழி வரி. 1960-களின் தொடக்கத்தில் மலிவான அமெரிக்கக் கோழி மேற்கு ஜெர்மனியையும் அண்டை நாடுகளையும் நிறைத்தது. அங்குள்ள பண்ணையாளர்கள் கூச்சலிட, ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் கோழிக்கு வரியை ஏற்றியது. பேச்சுவார்த்தை பயன்தரவில்லை. 1963 டிசம்பரில் அதிபர் ஜான்சன் பதிலடி கொடுத்தார்: உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகு ரக டிரக் ஆகிய நான்கின் மீதும் 25 சதவீதம். டிரக் எப்படி இந்தப் பட்டியலில் நுழைந்தது என்றால், ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் வேன்கள் அப்போது அமெரிக்காவில் நன்றாக விற்றுக்கொண்டிருந்தன. மற்ற மூன்றும் காலப்போக்கில் கழன்றுகொண்டன. டிரக் வரி நிலைத்துவிட்டது. கோழிச் சண்டை போட்டவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகும் நிலைத்திருக்கிறது.

அதைச் சுற்றி நடந்த வித்தைகளைப் பார்க்க வேண்டும். ஜப்பானிலிருந்து பின்பகுதி இல்லாத டிரக்கை இறக்கினால் வரி மிகக் குறைவு. ஆகவே உடலைத் தனியாகக் கொண்டுவந்து அமெரிக்க மண்ணில் பின்பகுதியைப் பொருத்தினார்கள். 1980-இல் அந்த ஓட்டையை அடைத்தார்கள். சுபாரு நிறுவனம் தன் சிறு டிரக்கின் திறந்த பின்பகுதியில், பின்னோக்கிய இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளைப் பற்றவைத்து அனுப்பியது. மழையில் நனைந்துகொண்டு யார் உட்காருவார்கள் என்பது கேள்வியல்ல. இருக்கை இருந்தால் அது பயணியர் கார். ஃபோர்டு நிறுவனம் 2009 முதல் துருக்கியிலிருந்து சரக்கு வேன்களைப் பின் இருக்கைகளும் ஜன்னல்களும் உள்ள பயணியர் வண்டிகளாக இறக்கியது, காருக்கு அப்போது 2.5 சதவீதம்தான். பால்டிமோரில் சுங்கம் முடிந்ததும் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, சரக்கு வேனாக விற்றது. ஏறுவதற்காகவே செய்யப்பட்டு, யாரும் ஏறாமலே கழிவுக்குப் போன இருக்கைகள். வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 2024-இல் 365 மில்லியன் டாலர் கொடுத்து ஃபோர்டு அதை முடித்துக்கொண்டது.

அறுபது ஆண்டுக்கால வரிக்குப் பின்னால் அமெரிக்காவின் வாகன நிறுவனங்கள் பிக்கப் டிரக்கில்தான் பெரும் லாபம் பார்க்கின்றன. கார் சந்தையில் வெளிநாட்டுப் போட்டியிடம் தடுமாறுகின்றன. வரி மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலி போட்ட தோட்டத்தில்தான் அவர்கள் உழைப்பைக் கொட்டினார்கள் என்பது தெரிகிறது.

தடை சில சமயம் தடுக்கப்பட்டவனுக்கே வரமாகிவிடுவதும் உண்டு. 1981-இல் அமெரிக்காவின் நெருக்கடியால், ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அனுப்புவதில்லை என்று ஜப்பான் ‘தானாக முன்வந்து’ ஒப்புக்கொண்டது. எண்ணிக்கைக்குத்தானே உச்சவரம்பு? ஒவ்வொரு காரிலும் அதிகம் சம்பாதிக்க வழி தேடினார்கள். சிறிய, மலிவான கார்களுக்குப் பெயர்பெற்றவர்கள் சொகுசுக் கார்களுக்கு நகர்ந்தார்கள்: 1986-இல் அக்யுரா, 1989-இல் லெக்சஸ், இன்ஃபினிட்டி. இன்னொரு பக்கம் ஹோண்டா 1982-லேயே ஒஹாயோவில் கார் தயாரிக்கத் தொடங்கியது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். அமெரிக்கக் கார் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட்டைக் காப்பாற்றப் போட்ட உச்சவரம்பு, டெட்ராய்ட்டின் போட்டியாளர்களை மேல்தட்டுச் சந்தைக்கும் அமெரிக்க மண்ணுக்கும் அழைத்து வந்தது.

வங்கதேசத்தின் கதை இதைவிட வியப்பானது. 1974 முதல் பல்லிழை ஒப்பந்தம் என்ற ஏற்பாட்டின் கீழ், பணக்கார நாடுகள் பல நாடுகளுக்கு, அங்கிருந்து இவ்வளவு ஆடைதான் வரலாம் என்று ஒதுக்கீடு வைத்தன. தென்கொரியாவின் ஒதுக்கீடு நிரம்பிவிட்டது. கொரிய நிறுவனமான டேவூ, ஒதுக்கீட்டுத் தொல்லை இல்லாத நாட்டைத் தேடி, வங்கதேசத்தின் தேஷ் நிறுவனத்துடன் 1979-இல் கைகோத்தது. சுமார் 130 பேரைக் கொரியாவின் பூசானுக்கு அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுத்தது. திரும்பி வந்தவர்களில் பலர் சில ஆண்டுகளில் விலகித் தனித்தனியாகத் தொழிற்சாலை தொடங்கினார்கள். ஆடை ஏற்றுமதியே ஏறக்குறைய இல்லாதிருந்த நாடு, சீனாவுக்கு அடுத்த நிலையில் உலகுக்கு ஆடை அனுப்பும் அளவுக்கு வளர்ந்தது. ஒதுக்கீடு 2005 ஜனவரி 1-ஆம் தேதி ஒழிந்தது. அன்றோடு வங்கதேசம் தீர்ந்தது, எல்லாம் சீனாவுக்குப் போய்விடும் என்று ஆரூடம் சொன்னார்கள். போகவில்லை. கை பழகியிருந்தது, தையல் இயந்திரங்கள் இருந்தன, வாங்குபவர்களின் தொலைபேசி எண்கள் இருந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2001 முதல் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு வரியில்லா நுழைவு கொடுத்து வந்ததும், வெளிநாட்டுத் துணியை வாங்கித் தைத்தாலே போதும் என்று 2011-இல் விதியைத் தளர்த்தியதும் பெரிய துணை. அந்தப் பட்டியலிலிருந்து வங்கதேசம் வெளியேறுவதற்கு 2026 நவம்பரை ஐ.நா. குறித்தது. ஏழ்மையிலிருந்து மேலேறுவதற்கு அபராதம் கட்டுவதுபோல் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

ஒப்பந்தங்களுக்கு வருகிறேன். 1930-இல் அமெரிக்கா ஸ்மூட்-ஹாலி சட்டத்தால் வரிகளைக் கண்டபடி ஏற்றியது. வேண்டாம் என்று 1,000-க்கும் மேற்பட்ட பொருளாதார அறிஞர்கள் கையெழுத்திட்டுக் கேட்டும் அதிபர் ஹூவர் ஒப்பமிட்டார். பிற நாடுகள் பதிலுக்கு ஏற்றின. பெருமந்தமும் சேர்ந்து உலக வர்த்தகத்தைச் சுருட்டியது. அந்தச் சூட்டை மறக்காதவர்கள்தான் 1947-இல் ஜெனீவாவில் 23 நாடுகளாகக் கூடி, காட் என்ற பொது ஒப்பந்தத்தை எழுதினார்கள். 1995-இல் அது உலக வர்த்தக அமைப்பாயிற்று. அதன் முதல் விதி எளியது: ஒரு நாட்டுக்குக் கொடுக்கும் சலுகையை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் கொடு. இதற்கு ‘மிகவும் வேண்டப்பட்ட நாடு’ என்று பெயர் வைத்தார்கள். எல்லோரும் மிகவும் வேண்டப்பட்டவர்கள் என்றால் யாரும் வேண்டப்பட்டவர் இல்லை என்பதுதானே பொருள்? அதுதான் அந்த விதியின் அழகும்.

அதே ஆவணத்தின் 24-ஆம் பிரிவு பின்கதவைத் திறந்து வைத்திருந்தது. சில நாடுகள் தங்களுக்குள் ஏறக்குறைய எல்லா வர்த்தகத்துக்கும் வரியை நீக்கிக்கொண்டால், மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் கதவு வழியாகத்தான் இன்றைய தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை வந்தன. ஜகதீஷ் பகவதி என்ற பொருளாதார அறிஞர் இவற்றின் சிக்கலை நூடுல்ஸ் போன்ற ஸ்பகெட்டி நிறைந்த கிண்ணத்துக்கு ஒப்பிட்டார். அந்தக் கிண்ணத்தில் கையைவிட்டு ஒவ்வோர் இழையாக எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர் மிகைப்படுத்தவில்லை.

ஒப்பந்தம் என்றதும் வரி பூஜ்யம் ஆகும் என்பதே செய்தியாகிறது. ஒப்பந்தத்தின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. முன்னுரையை அமைச்சர்கள் வாசிப்பார்கள்; பின்னிணைப்பை எங்களைப் போன்றவர்கள் வாசிப்போம். அங்கேதான் பிறப்பிட விதிகள் இருக்கும். ஒரு பொருள் எந்த நாட்டில் ‘பிறந்தது’ என்று தீர்மானிப்பவை. சட்டையைத் தைத்த நாடா, துணி நெய்த நாடா, நூல் நூற்ற நாடா? வட அமெரிக்க ஒப்பந்தத்தில் பெரும்பாலான ஆடைகளுக்கு நூலிலிருந்தே தொடங்க வேண்டும். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த அமெரிக்கா-மெக்சிகோ-கனடா ஒப்பந்தத்தில் காரின் மதிப்பில் 75 சதவீதம் அந்த மூன்று நாடுகளில் உருவாகியிருக்க வேண்டும், முன்பு 62.5 சதவீதமாக இருந்தது. அதோடு, 40 முதல் 45 சதவீதம் மணிக்குக் குறைந்தது 16 டாலர் சம்பாதிக்கும் தொழிலாளர்களின் கைவழியே வந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் கூலிச் சீட்டையும் இணைக்கச் சொன்ன முதல் ஒப்பந்தம் அதுவாகத்தான் இருக்கும்.

இத்தனை கேட்டால் வணிகர் என்ன செய்வார்? பல சமயம் சலுகையே வேண்டாம் என்று விட்டுவிடுவார். பொது வரியே 2 சதவீதம் என்றால், அதை மிச்சப்படுத்த ஒவ்வோர் உதிரிபாகத்துக்கும் சான்று திரட்டுவது சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம். 2024-இல் மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன பொருள்களில் ஏறத்தாழ பாதிதான் ஒப்பந்தச் சலுகையைக் கோரியது. கனடாவிலிருந்து போனவற்றில் அதைவிடக் குறைவு. 2025-இல் இரு நாடுகள் மீதும் புதிய வரிகள் விழுந்தன, ஒப்பந்த விதிகளை நிறைவேற்றும் பொருள்களுக்கு மட்டும் விலக்கு என்றார்கள். உடனே எல்லோரும் ஓடிப்போய்ச் சான்றிதழ் வாங்கினார்கள். அதே பொருள், அதே தொழிற்சாலை. ஐந்தாண்டாகத் தூசி படிந்து கிடந்த ஒப்பந்தம் ஒரே மாதத்தில் உயிர்காக்கும் மருந்தாயிற்று.

ஆசியாவில் இதன் மறுபக்கம். 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த ஆர்செப் என்ற 15 நாட்டு ஒப்பந்தம் வரிகளைப் பிரமாதமாகக் குறைத்துவிடவில்லை; பல குறைப்புகள் இருபது ஆண்டு இழுக்கும். ஆனால் ஓர் உறுப்பு நாட்டின் உதிரிபாகத்தை இன்னோர் உறுப்பு நாட்டில் பயன்படுத்தினால் அதையும் பிறப்பிடக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. ஜப்பான், சீனா, தென்கொரியா மூன்றும் முதல் முறையாக ஒரே ஒப்பந்தத்துக்குள் வந்தன. தொழிற்சாலையை எங்கே வைப்பது என்று யோசிப்பவருக்கு ஒரு சதவீத வரிக் குறைப்பைவிட இந்த ஒற்றை விதி பெரிது.

எந்த ஒப்பந்தமும் அதிகம் பேசாத ஒன்றைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விகிதப்படி பச்சைக் காப்பிக்கொட்டைக்கு வரி இல்லை. வறுத்தால் 7.5 சதவீதம். கொட்டையாக அனுப்பு, வறுப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லாமல் சொல்வது இது. காப்பிச்செடி ஒன்றுகூட வளராத ஜெர்மனி, வறுத்த காப்பியைப் பெருமளவில் ஏற்றுமதி செய்கிறது. ஏழை நாடுகள் பலவற்றுக்கு விலக்கு உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் வறுக்கும் ஆலைகள் எங்கே அமைய வேண்டும் என்பது விலக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே முடிவாகிவிட்டது.

2025 ஏப்ரல் 2 அன்று நான் உறங்கவில்லை. அமெரிக்க அதிபர் டிரம்ப் ஒரு பெரிய அட்டையைத் தூக்கிக் காட்டி, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விகிதத்தை அறிவித்துக்கொண்டிருந்தார். பரஸ்பர வரி என்று பெயர். அந்த நாடுகள் விதிக்கும் வரியைக் கணக்கிட்டு எடுத்த எண்களாக இருக்கும் என்று நினைத்தேன். சில மணி நேரத்தில் இணையத்தில் சிலர் சூத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்: அந்த நாட்டுடனான சரக்கு வர்த்தகப் பற்றாக்குறையை அங்கிருந்து வரும் இறக்குமதியால் வகுத்து, பாதியாக்க வேண்டும். அரசு பிறகு கிரேக்க எழுத்துகளோடு ஒரு சமன்பாட்டை வெளியிட்டது. அதில் ஓர் எழுத்தின் மதிப்பு 4, இன்னொன்றின் மதிப்பு 0.25. பெருக்கினால் 1. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டுப் பழைய வகுத்தலே மிஞ்சியது. மனிதர் நிரந்தரமாகக் குடியிராத, பென்குயின்கள் வாழும் ஹேர்டு, மெக்டொனால்டு தீவுகளுக்கும் 10 சதவீதம். ஜீன்ஸ் தைத்து அனுப்பிப் பிழைக்கும் ஆப்பிரிக்க நாடான லெசோதோவுக்கு 50 சதவீதம். பென்குயினுக்கு எல்லோரும் சிரித்தோம். லெசோதோவின் தையல்கூடங்களில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

அடுத்த வாரம் பெரும்பாலானவை 90 நாள் நிறுத்திவைக்கப்பட்டன. சீனாவுக்கு மட்டும் ஏறி ஏறி 145 சதவீதமாயிற்று, சீனாவும் 125 என்றது. மே மாதம் ஜெனீவாவில் பேசி 30-க்கும் 10-க்கும் இறங்கினார்கள். ஆகஸ்ட் 29 அன்று 800 டாலருக்குக் குறைவான பொட்டலங்களுக்கு இருந்த விலக்கும் எல்லா நாடுகளுக்கும் நீங்க, பல நாட்டு அஞ்சல் துறைகள் அமெரிக்காவுக்குப் பார்சல் எடுப்பதையே சில காலம் நிறுத்தின. வரியை யார் வசூலிப்பது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. இடையிடையே ஜப்பானுடன் 15 சதவீதம், ஐரோப்பிய ஒன்றியத்துடன் 15 சதவீதம் என்று உடன்பாடுகள். பழைய ஒப்பந்தங்கள் ஆயிரக்கணக்கான பக்கம் ஓடும், நாடாளுமன்றங்கள் ஏற்கும், மாற்றுவது கடினம். இவை சில பக்கங்கள். எனக்கு இவற்றை ஒப்பந்தம் என்று அழைக்க நா எழவில்லை. தவணை சொல்லி வாங்கிய அவகாசம் என்பேன்.

மற்ற நாடுகள் கைகட்டி நிற்கவில்லை. 1999-இல் தொடங்கி எத்தனையோ முறை படுத்து எழுந்த, ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் தென்னமெரிக்க நாடுகளின் கூட்டமைப்பான மெர்கோசுருக்கும் இடையிலான பேச்சுவார்த்தை 2024 டிசம்பரில் முடிவுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது. அதே மாதம் பசிபிக் கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ள பிரிட்டன், பசிபிக் நாடுகளின் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அந்த ஒப்பந்தத்தின் முதல் வடிவத்தை முன்னின்று பேசி உருவாக்கிய அமெரிக்கா 2017-லேயே வெளியேறியிருந்தது. வீடு கட்டியவர் போய்விட்டார், குடியிருப்பவர்கள் அறை சேர்த்துக் கட்டுகிறார்கள். சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு நேராகப் போன பொருள்கள் குறைந்து, 2023-இல் மெக்சிகோ முதலிடத்துக்கு வந்தது. வியட்நாமும் வளர்ந்தது. அந்த இரண்டு நாடுகளின் தொழிற்சாலைகளுக்குள் போய்ப் பெட்டிகளைத் திறந்தால், உதிரிபாகங்களில் கணிசமானவை சீனாவிலிருந்து வந்திருக்கும். தண்ணீர் அதேதான், ஒரு வளைவு கூடியிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் அண்ணன் தொலைபேசியில் பேசினார். ஓய்வுபெற்ற பிறகும் பழைய வாடிக்கையாளர்கள் சிலருக்கு ஆலோசனை சொல்கிறார். ஒரு மின்மோட்டாருக்கு எந்த நாட்டை எழுதுவது என்று கேட்டு வந்தார்களாம். காந்தம் ஒரு நாடு, செப்புச்சுருள் ஒரு நாடு, இணைத்தது மூன்றாவது நாடு.

“என்ன சொன்னீர்கள், அண்ணே?” என்றேன்.

“கப்பல் என்றைக்குப் புறப்படுகிறது என்று கேட்டேன்” என்றார். வரி விகிதம் மாறும்போது, எந்தத் தேதிக்கு முன் கப்பலேறிய சரக்குக்குப் பழைய விகிதம் என்று அறிவிப்பிலேயே போடுகிறார்கள். ஆகவே அதைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் நாங்கள் கொடுக்கும் விலைப்புள்ளியின் அடியில் ‘90 நாள்களுக்குச் செல்லும்’ என்று அச்சிட்டிருப்போம். இப்போது எத்தனை நாள் போடுகிறார்கள் என்று கேட்டேன். ஏழு என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, அந்த வாடிக்கையாளர் நாள் போடும் இடத்தையே காலியாக விட்டுவிடச் சொல்கிறார் என்றார்.